புக்கிட் மேரா ஏரிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பாகான் செராய் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள், மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், செம்பனை ஆலையில் வேலை கிடைத்து வந்த இளைஞர்கள், எல்லோரும் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவார்கள்: “லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?” அதற்காகப் பினாங்கு வரைக்கும் ஓட வேண்டியதில்லை. பக்கத்திலேயே புக்கிட் மேரா ஏரி இருக்கிறது. காரில் அரை மணி நேரம்தான். ஆனால் போகிற நாளையும் நேரத்தையும் சரியாகப் பார்த்துப் போக வேண்டும். இல்லாவிட்டால் சேற்றையும் வெயிலையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இது உல்லாசத்துக்காக வெட்டிய ஏரி இல்லை. கிரியான் வட்டார நெல்வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் குராவ் ஆற்றை மறித்து, 1906-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். நாட்டிலேயே மிகப் பழைய செயற்கை ஏரிகளில் ஒன்று. இன்றைக்கும் 20,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட வயல்கள் இதை நம்பித்தான் இருக்கின்றன. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கும் இந்த ஏரியில் பங்கு உண்டு. ஆகவே ஏரிக்கு எஜமான் வயல்தான். வயலுக்குத் தேவை என்றால் மதகு திறக்கும், ஏரி இறங்கும். படகு போகுமா, தூண்டில் போடலாமா, கரையில் உட்கார முடியுமா என்பதெல்லாம் அந்தத் தண்ணீரைப் பொறுத்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

இந்த வட்டாரத்தில் நம்மவர்கள் முதலில் வந்தது கரும்புத் தோட்டங்களுக்கு. அப்புறம் ரப்பர், இப்போது செம்பனை. கூலா, செலின்சிங், கலும்பாங், செர்சோனிஸ், யாம் செங் என்று தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளை இங்கே பார்க்கலாம். தோட்டத்து ஆட்களுக்கு இந்த ஏரி ரொம்ப நாளாகத் தூண்டில் போடும் இடம், பெருநாள் விடுமுறைக்குச் சோறு கட்டிக்கொண்டு போகும் இடம். அதனால் வழி கேட்பதற்கும் விவரம் கேட்பதற்கும் ஆள் தேட வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணனையோ, பசியாறப் போகும் கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரையோ கேட்டாலே போதும்.

முதல் வேலை: தண்ணீர் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள்

வட பேராக்கில் பொதுவாக ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரையிலும் மழை அதிகம். ஜனவரி, பிப்ரவரியிலும் வருட நடுவிலும் வெயில் காயும். வெயில் காலமும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பருவமும் சேர்ந்து வந்தால் ஏரி வேகமாக வற்றும். கரையோரம் வெடித்த மண்ணும், தண்ணீருக்குள் மறைந்திருந்த பழைய மரக்கட்டைகளும் வெளியே தெரியும். அந்த நேரத்தில் படகுக்காரர்கள் சில பக்கம் போகவே மாட்டார்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், ஏரிக்குப் பக்கத்து ஊரான செமாங்கோல் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர் யாரையாவது “ஏரியில் தண்ணீர் எப்படி?” என்று கேளுங்கள். அதுவே நல்ல தகவல். படகுச் சவாரிக்கோ ஏரிக்குள் இருக்கும் ஓராங் ஊத்தான் தீவுக்கோ போவதாக இருந்தால், திறந்திருக்கிறதா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முதல் நாளே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பராமரிப்பு, தண்ணீர் மட்டம் என்று ஏதாவது காரணத்தால் மூடியிருக்கலாம். பிள்ளைகளை அவ்வளவு தூரம் ஆசை காட்டிக் கூட்டிப்போய்ப் பூட்டிய கேட்டைக் காட்டுவது பாவம்.

போகும் வழி

பாகான் செராயிலிருந்து பழைய கூட்டரசு சாலையில் தெற்கே தைப்பிங் பக்கம் போனால் செமாங்கோல் வரும். அங்கிருந்து ஏரிக்கு அறிவிப்புப் பலகைகள் உண்டு. கோலாலம்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வரும் உறவினர்களுக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் புக்கிட் மேரா என்றே ஒரு டோல் இருக்கிறது, அங்கே இறங்கச் சொல்லுங்கள். பழைய சாலையில் அறுவடைக் காலத்தில் நெல் லோரிகளும் அறுவடை இயந்திரங்களும் மெதுவாகப் போகும். முந்த அவசரப்படாதீர்கள், வளைவுகளில் எதிரே வருவது தெரியாது.

மோட்டார் சைக்கிளில் போகிற பையன்கள் மழைக்கோட்டை மறக்கக் கூடாது. அவ்வளவுதான் வழியைப் பற்றிச் சொல்ல இருப்பது.

முதல்முறை ரயிலில் போங்கள்

இது பலருக்குத் தோன்றுவதில்லை. ஏரியைப் பார்க்க மிக நல்ல இடம், மிக மலிவான இடமும்கூட, ரயில் ஜன்னல்தான். பாகான் செராய் நிலையத்தில் கொம்யூட்டர் ரயிலில் ஏறினால் தெற்கே அடுத்த நிலையம் கமுண்டிங். இரண்டுக்கும் நடுவில்தான் ஏரி. பழைய காலத்தில் ஏரியின் குறுக்கே மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் ஒற்றைத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். ஈப்போவுக்கு வடக்கே இரட்டைத் தண்டவாளம் போட்டபோது தண்ணீருக்கு மேலேயே சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டினார்கள். 2015-இலிருந்து மின்சார ரயில் அதன்மேல் ஓடுகிறது.

அந்தப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். தேநீர் நிறத்தில் இருக்கும். மேலே சதுப்புக் காட்டின் இலைதழை ஊறி வரும் தண்ணீருக்கு அந்த நிறம் வரும். நடுநடுவே ரசாவ் எனப்படும் தாழைப் புதர்கள் திட்டுத் திட்டாக நிற்கும். கருப்பாக நிற்கும் பட்ட மரத்தின் உச்சியில் கழுகு ஒன்று உட்கார்ந்திருந்தாலும் இருக்கும். காலையில் பனி விலகுவதற்கு முன் போனால் எதிரே மலைத்தொடர் நீலமாகத் தெரியும். ரயில் இரண்டு நிமிடத்துக்குள் பாலத்தைக் கடந்துவிடும், ஆகவே பாகான் செராய் தாண்டியதுமே கைப்பேசியை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள்.

தைப்பிங் வரை போய் இறங்கி, சாப்பிட்டு, மதியம் திரும்பினால் அதே ஏரியை வேறு வெளிச்சத்தில் பார்க்கலாம். கொம்யூட்டர் அடிக்கடி வராது. ரயில் நிறுவனமான கேடிஎம்மின் செயலியில் போகும் ரயில், வரும் ரயில் இரண்டின் நேரத்தையும் முதல் நாள் இரவே பார்த்துக் குறித்துவிடுங்கள். வயதானவர்களைக் கூட்டிப்போக இதைவிடச் சுகமான வழி கிடையாது. வெயில் இல்லை, படகில் ஏறி இறங்கும் தொல்லை இல்லை.

ஏரிக்கரையில் முதலில் பார்க்க வேண்டியது

நேரில் போகிற அன்று எல்லோரும் நேராகப் படகுத்துறைக்கு ஓடுவார்கள். நான் முதலில் வாய்க்காலைக் காட்டச் சொல்வேன். ஏரித் தண்ணீர் மதகு வழியாக இரண்டு பெரிய வாய்க்கால்களில் பிரிந்து கிரியான் சமவெளிக்குப் போகிறது. ஒன்றின் பெயரே பெரிய வாய்க்கால், இன்னொன்று செலின்சிங் வாய்க்கால். பொதுமக்கள் போகக்கூடிய சாலையோரத்தில் நின்று, மரக்கிளை எதையாவது வாய்க்காலில் போட்டு அது எந்த வேகத்தில் போகிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். “இந்தத் தண்ணீர்தான் நாம் வரும் வழியில் பார்த்த வயலுக்குப் போகிறது” என்று சொன்னால் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். பள்ளிக்கூடத்தில் நீர்ப்பாசனம் என்று படிப்பது கண்முன்னே ஓடுகிறது. மதகுப் பக்கம் வேலிக்குள் போக வேண்டாம், வாய்க்காலில் இறங்கவே கூடாது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும்.

படகுச் சவாரி

காலை எட்டரை, ஒன்பது மணிக்குள் படகில் ஏறிவிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் இந்தப் பக்கம் வானம் எப்படி மாறும் என்று சொல்ல முடியாது. கருமேகம் தெரிந்து இடி கேட்டாலே கரைக்குத் திரும்பச் சொல்லுங்கள். திறந்த தண்ணீரில் நம்மைவிட உயரமாக எதுவும் இருக்காது, மின்னலுக்கு அது போதும். படகுக்காரர் “பரவாயில்லை” என்றாலும் நீங்கள் விடாதீர்கள்.

ஏறுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று எண்ணுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டை மாட்டிவிட்டால் தண்ணீரில் விழும்போது அது தலை வழியாகக் கழன்றுவிடும். பிள்ளையின் தோள்பட்டையில் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது சரியான அளவு இல்லை, சின்னது கேளுங்கள். சின்னது இல்லை என்றால் அந்தப் படகு வேண்டாம்.

ஏரி ஆழமில்லைதானே, நடந்தே வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலான இடங்களில் ஆழம் குறைவுதான். ஆனால் அடியில் சேறும் வேரும் கொடியும் பின்னிக் கிடக்கின்றன. கால் சிக்கினால் நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார். அதனால் ஏரியில் குளிக்க வேண்டாம். இன்னொரு விஷயம்: காலில் புண், கீறல் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். எலி மூத்திரத்திலிருந்து வரும் எலிக்காய்ச்சல் ஏரி, ஆறு, வயல் எங்கேயும் தொற்றலாம். போய் வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் கிளினிக்கில் “ஏரிக்குப் போயிருந்தோம்” என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் டாக்டருக்குப் பெரிய உதவி.

ஓராங் ஊத்தான் தீவு

ஏரிக்குள் இருக்கும் இந்தத் தீவுதான் வெளியூர்க்காரர்களை அதிகம் இழுக்கிறது. ஏரிக்கரையில் இருக்கும் உல்லாச விடுதியின் படகுத்துறையிலிருந்து படகில் போக வேண்டும். 2000-ஆம் ஆண்டிலிருந்து அங்கே ஓராங் ஊத்தான்களை வளர்த்துப் பராமரிக்கிறார்கள். கம்பிவலை போட்ட பாதைக்குள் நாம் நடப்போம், அவை வெளியே மரத்தில் திரியும். கூண்டுக்குள் இருப்பது நாம்தான் என்பதைப் பிள்ளைகள் உடனே கவனித்துவிடுவார்கள்.

அவர்களுக்கு ஒன்றை விளக்கிச் சொல்லுங்கள். ஓராங் ஊத்தான் தீபகற்ப மலேசியாவின் காட்டில் வாழும் விலங்கு இல்லை. அதன் சொந்தக் காடு சபா, சரவாக் இருக்கும் போர்னியோவிலும், அந்தப் பக்கம் சுமத்ராவிலும்தான். இங்கே இருப்பவை போர்னியோ இனம். 2016-இல் அந்த இனத்தை மிகக் கடுமையாக அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்தார்கள். அதற்குப் பெரிய காரணம் காடு அழிவதும் வேட்டையும். அழிந்த காட்டில் ஒரு பெரிய பங்கு செம்பனைத் தோட்டமாகியிருக்கிறது. செம்பனையை நம்பிப் பிழைக்கும் நாம் இதைப் பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை. தோட்டம் நமக்குச் சோறு போட்டது உண்மை. காட்டுக்கும் இடம் விட வேண்டும் என்பதும் உண்மை.

பார்க்கும்போது அவசரப்படாமல் ஒரு ஓராங் ஊத்தானை மட்டும் பத்து நிமிடம் கவனியுங்கள். தாய் இருந்தால் குட்டி அதன் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். குட்டி ஏழெட்டு வயது வரைகூடத் தாயோடு இருந்து எதைத் தின்பது, எந்தக் கிளை தாங்கும் என்று கற்றுக்கொள்ளும். அதனால்தான் ஒரு தாய் அடுத்த குட்டி போட அத்தனை வருடம் ஆகிறது. ஒன்றை இழந்தால் ஈடுகட்டுவது அவ்வளவு கடினம். ஒவ்வொரு நாளும் இருட்டுவதற்கு முன் கிளைகளை மடக்கி, இலை பரப்பிப் புதிதாகப் படுக்கை கட்டும். மரத்தில் காய்ந்த இலைக் குவியல் தெரிந்தால் அது பழைய படுக்கையாக இருக்கலாம், காட்டச் சொல்லி ஊழியரைக் கேளுங்கள். அவர்கள் நிறைய விவரம் சொல்வார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை.

கத்தாதீர்கள், கம்பி வழியாக எதையும் நீட்டாதீர்கள், பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது சளி, இருமல் இருந்தால் அவர் அன்றைக்குக் கரையிலேயே இருக்கட்டும். நமக்கு வரும் சளிக்காய்ச்சல் அவற்றுக்கும் தொற்றும். டிக்கெட் எடுக்கும்போது எல்லோருடைய மைகாட் அடையாள அட்டையும், பிள்ளைகளின் மைகிட் அட்டையும் கையில் இருக்கட்டும். குடிமக்களுக்குக் கட்டணம் குறைவாக இருந்தால் அதைக் காட்டச் சொல்வார்கள்.

தூண்டில் போடுகிறவர்களுக்கு

தோட்டத்துப் பையன்களுக்கு ஏரி என்றாலே தூண்டில்தான். எங்கே போடலாம், அனுமதி வேண்டுமா என்று முதலில் அங்கே இருக்கும் மீனவர்களிடமோ படகுத்துறையிலோ கேட்டுவிடுங்கள். ஹாருவான், தோமான், பாவோங், லம்பாம் மீன்கள் எல்லாம் கிடைக்கும். ஹாருவான் என்பது நம் விரால்தான். ஆபரேஷன் செய்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஹாருவான் ரசம் வைத்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே எல்லா இனத்தாரிடமும் உண்டு.

தோமான் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். சில சமயம் தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒரே இடத்தில் சிவப்பாகக் கொப்பளிக்கும். குங்குமத்தைத் தூவியது போல இருக்கும். அது தோமான் குஞ்சுக் கூட்டம். குஞ்சுகள் மூச்சு வாங்க மேலே வரும், சட்டென்று எல்லாம் சேர்ந்து கீழே போகும், சற்றுத் தள்ளி மறுபடி வரும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த இடத்தில் செயற்கை இரையை வீசினால் குஞ்சைக் காப்பாற்றுவதற்காகவே பெரிய மீன் பாய்ந்து கடிக்கும். பிடிப்பது சுலபம். ஆனால் பெற்றோரைத் தூக்கிவிட்டால் அன்றைக்கே மற்ற மீன்கள் அத்தனை குஞ்சையும் தின்று தீர்த்துவிடும். தயவுசெய்து அந்தப் பக்கம் வீசாதீர்கள். ஏரியில் வேறு எத்தனையோ தோமான் இருக்கிறது.

கெலிசா மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். ஆசிய அரோவானா என்று உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் தேடும் மீன் அது, புக்கிட் மேரா அதன் இயற்கையான இருப்பிடங்களில் ஒன்று. இயற்கையான இடத்திலிருந்து பிடித்ததை நாடு விட்டு நாடு விற்பதை, அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தம் தடை செய்கிறது. பண்ணையில் பிறந்து, உடலில் சிப் பொருத்திய மீனைத்தான் சான்றிதழோடு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியும். ஆண் கெலிசா முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். குஞ்சு தானாக நீந்தும் வரை வாரக்கணக்கில் அதற்கு வாயே வீடு. அப்படிப்பட்ட மீன் ஒன்று போனால் ஒரு குடும்பமே போகும். யாராவது உங்களிடம் ரகசியமாகக் கெலிசாக் குஞ்சு விற்க வந்தால் வாங்காதீர்கள்.

அறுந்த நைலான் நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள், பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக் குப்பையில் சேருங்கள்.

சாப்பாடு

வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது உத்தமம். புளிச்சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அவித்த முட்டை. மதியம் வரை கெடாது. குரங்குகள் பிளாஸ்டிக் பை சலசலக்கும் சத்தத்துக்கே வந்துவிடும், ஆகவே மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், கையில் பையை ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு பெரிய போத்தல். பசியாறுவதை பாகான் செராயிலோ செமாங்கோலிலோ முடித்துக்கொண்டு போனால் காலை நேரம் வீணாகாது.

ஏரியில் தண்ணீர் இல்லை என்றால்

மனம் தளர வேண்டாம். பாகான் செராயிலிருந்து மேற்கே கூலா தோட்டம் வழியாகக் கோலா கூலாவுக்குப் போங்கள். அது மாத்தாங் கண்டல் காட்டின் வடகோடி. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியா பக்கத்திலிருந்து வரும் கரைப்பறவைகள் அங்கே சேற்றில் இரை தேடும். வெள்ளை உடலும் மஞ்சள் அலகும் கொண்ட பால் நாரையையும் தேடிப் பார்க்கலாம். அழியும் நிலையில் இருக்கும் இனம், மிருகக்காட்சி சாலையில் வளர்த்து இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அங்கே வயலுக்குப் பதில் கடல் எஜமான். தண்ணீர் வற்றும் நேரத்தில் சேறு வெளியே தெரியும், பறவை இறங்கும். ஏற்றத்தில் போனால் வெறும் தண்ணீர்தான். “எத்தனை மணிக்குத் தண்ணீர் இறங்கும்?” என்று படகுக்காரரைக் கேட்டு அதற்கேற்ப நேரம் பேசுங்கள். தொலைநோக்கி ஒன்று இரவல் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தையோ முழங்கால் வலிக்காரரோ கூட வருவதாக இருந்தால் தைப்பிங் ஏரிப் பூங்காதான் சரி. ஈயம் தோண்டிய குழிகளை 1880-இல் பூங்காவாக மாற்றினார்கள். சாலையைத் தாண்டித் தண்ணீரைத் தொடும் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலிலேயே பாதி தூரம் நடந்துவிடலாம், மிருகக்காட்சி சாலையும் பக்கத்திலேயே இருக்கிறது. தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் தைப்பிங், அதனால் நடையைக் காலையில் முடித்துவிட்டு, மழை இறங்கும் நேரத்தில் சாப்பாட்டுக்கடைக்குள் இருக்கும்படி நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.